இரத்தம் தந்தவர்க்கு உரியது

வாலாஜாபேட்டையிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ நடை தளர்ந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வைத்தியம் தேடி வரும் பெற்றோர், நோயின் பெயரையாவது அறியமாட்டோமா என்னும் தவிப்பில், ஆராய்ச்சிக்கென்று கேட்கப்படும் இரத்தத்தை மறுப்பது அரிது. அந்த இரத்தத்தில் மரபணுப் பிழையொன்றைக் கண்டு, அதனால் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அதே கண்டுபிடிப்பை மருந்துக் கம்பெனியொன்றின் மூலதனமாக்க முற்படும் ஆராய்ச்சியாளர், அக்குடும்பத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பது ஆழ்ந்து யோசிக்கத்தக்க தர்மப் பிரச்சினை.

வாணிகத்தைத் தொட்ட மாத்திரத்தில் விஞ்ஞானம் மாசுபடும் என்று கருதுவது நியாயமன்று. தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணு 1995இல் கண்டறியப்பட்டும், முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனை காலம் பொருளிட்டவர்கள் பலனை எதிர்பார்ப்பது குற்றமாகாது. ஆய்வேடு நூலகத்தில் உறங்கினால் எந்தக் குழந்தைக்கும் விமோசனமில்லை. ஆயினும், அதே நோய்க்கான ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்து இந்நாட்டில் குப்பி ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டு, காப்புரிமை வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தபின், 2025இல் நாட்கோ நிறுவனத்தால் 15,900 ரூபாய்க்கு வந்தது. ஆராய்ச்சிச் செலவை நாட்கோ சுமக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் தோல் பதனிடும் தொழிலாளியின் வீட்டுக்கு முந்தைய விலையில் அம்மருந்து இருந்தும் இல்லாததே.

இதனினும் வேதனை தருவது கானவான் நோயின் சரித்திரம். மூளையைச் சிதைக்கும் அந்நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்கப் பெற்றோர், இரத்தமும் திசுவும் பணமும் தந்து, பிற குடும்பங்களையும் தேடிச் சேர்த்தனர். 1993இல் மரபணு அகப்பட்டது. 1997இல் மயாமி குழந்தைகள் மருத்துவமனை அதற்குக் காப்புரிமை பெற்று, பரிசோதனைக்குக் கட்டணம் விதிக்கலாயிற்று. பெற்றோர் வழக்காட, 2003இல் நீதிமன்றம், தந்த திசுவின்மேல் அவர்களுக்குச் சொத்துரிமை இல்லையென்றது. முறையின்றி ஆதாயம் அடைந்ததாகச் சொன்ன முறையீட்டை மட்டும் தள்ளாமல் விட்டது. சொத்துரிமை அற்றுப்போன இடத்திலும் நன்றிக்கடன் அற்றுப்போவதில்லை. அகத்தியமலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தபோது, திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிலையம் உரிமத் தொகையிலும் 2 சதவீத உரிமைப்பங்கிலும் பாதியை அவர்களுக்கு ஒதுக்கிற்று. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. எனினும், மூலிகை அறிவுக்குப் பங்குண்டு, பரம்பரைத் துயரத்தோடு வந்த இரத்தத்துக்கு இல்லை என்று எந்த மனச்சாட்சி சொல்லும்?

பட்டத்துக்குக் காத்திருக்கும் மாணவருக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்கலாம். காப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்; விலை கம்பெனியின் கையில். ஆனால் சம்மதப் பத்திரத்தை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குபவர் பல வேளைகளில் அவரே. மருந்து வந்தால் இக்குடும்பங்களுக்கு எவ்விதம் கிட்டும் என்பதை அத்தாளிலேயே தமிழில் எழுதவேண்டுமென்றும், உரிம ஒப்பந்தத்தில் அதையே நிபந்தனையாக்கவேண்டுமென்றும் வற்புறுத்த அவருக்கு வாயுண்டு. ஒப்பந்தம் முடிந்தபின் எழும் இரக்கத்துக்கு அந்த வலிமை இராது.

மற்றொன்று உடனடியாகச் செய்யத்தக்கது. காப்புரிமை விண்ணப்பம் பதிவாகும்வரை முடிவுகளை வெளியிடாமல் வைத்திருப்பது வழக்கம். மாமன் மகளை மணப்பது சாதாரணமான இப்பிரதேசத்தில், பெற்றோர் இருவரும் ஒரே பிழையைச் சுமந்திருந்தால், அடுத்த குழந்தைக்கும் அந்நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. விண்ணப்பம் தயாராகும் மாதங்களிலேயே அத்தாய் மறுபடியும் கருவுறக்கூடும். முடிவு உறுதியானவுடன், பிறருக்கு எப்போது சொல்லப்படினும், அவளுக்கு அது அந்தரங்கமாக, மரபணு ஆலோசகரின் துணையோடு, சொல்லப்படவேண்டும்.