யாருக்கு ‘ர்’, யாருக்கு ‘ள்’?

அந்த ‘நீங்க’ என்னை விடமாட்டேன் என்கிறது.

உத்தமபாளையம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். தோட்டக்காரரின் மகன், பள்ளிக்கூடத்துப் பையன், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “இங்க வா, பெட்டிய எடு” என்றான். “இந்தா வந்துட்டேன் தம்பி, நீங்க வெயில்ல நிக்காதீங்க” என்றார் அவர்.

யாரும் அதட்டவில்லை, யார் முகமும் வாடவில்லை. பேரன் வயதுப் பையனைத் தம்பி என்பது பாசம். கூடவே வந்த ‘நீங்க’ எது?

‘நீ’ என்பதில் குற்றமில்லை. அம்மாச்சியை ‘வா, போ’ என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அவளும் எங்களை ‘வாடா’ என்பாள். வீரபாண்டி மாரியம்மன் முன்னால் தீச்சட்டி ஏந்தி நிற்பவரும் ‘நீதான் தாயே காப்பாத்தணும்’ என்றுதான் வேண்டுகிறார். திருப்பிச் சொல்ல முடியாத ‘நீ’தான் உறுத்துகிறது. அந்த அம்மா ஒருமுறையாவது பையனை ‘இங்க வா’ என்றிருக்க முடியுமா?

சின்ன வயதில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து ‘16 வயதினிலே’ பார்த்தேன். அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் எடுத்த படம். ஊரே சப்பாணி என்று கூப்பிடுகிறவனிடம், உன் பேர் கோபாலகிருஷ்ணன், இனி எவனாவது சப்பாணி என்றால் அறைந்துவிடு என்பாள் மயில். கொட்டகையே கைதட்டியது. தன் பேரைத் தானே வைத்துக்கொள்ள ஒருவனுக்கு இன்னொருத்தியின் தைரியமும் ஓங்கிய கையும் வேண்டியிருந்தன என்பது பிற்பாடுதான் உறைத்தது.

கதை எழுதுகிறவனுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பாத்திரங்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்கிறது. அவர்களைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதை நான் முடிவு செய்கிறேன். பண்ணையார் ‘வந்தார்’, களையெடுப்பவள் ‘வந்தாள்’ என்றே நம் கதைகள் நெடுநாள் பழகிவிட்டன. கதைசொல்லி யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை வினைமுற்றின் கடைசி எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நினைவுக்கு வந்து இந்தக் கணக்கைக் கலைக்கிறது. 1994இல் வந்த அந்த நாவலில் வண்ணார் பெண் ஆரோக்கியம் ‘அவள்’தான். அந்த ‘அவள்’ அவளைக் குறைக்கவில்லை. அவள் பசியோடும் அழுகையோடும் கூடவே நடக்கிறது. ‘அவர்’ என்றிருந்தால் எட்டத்தில் நின்றிருப்பாள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘அந்தம்மா வந்துச்சு’ என்று இன்னொரு வழியும் உண்டு. விடியுமுன் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகளில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். முதலாளி மட்டும் அங்கேயும் ‘வந்தாரு’தான்.

அம்மாச்சியை எழுதும்போது ‘ள்’ தானாக வந்துவிடுகிறது. தோட்டத்து அம்மாவுக்கு ‘ர்’ யோசித்துப் போட வேண்டியிருக்கிறது. யோசித்துத் தரும் மரியாதை மரியாதைதானா, இல்லை அதுவும் ஒரு விலகலா? எல்லோருக்கும் ‘ர்’ போட்டால் தோட்டத்தில் நடப்பதைப் பூசி மெழுகியவனாவேன். ‘ள்’ என்றே எழுதினால் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய் நின்றவனாவேன். எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லாக் கதைக்கும் பொதுவாக ஒரு விடை இருக்கும் என்ற நம்பிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது.