எலி எங்கே போயிற்று

"எலி செத்தாலும் அதன் கலங்கள் சாகவில்லை, ஒரு வகையில் அது இன்னும் வாழ்கிறது." ஆய்வுகூடத்தில் இப்படி ஓர் ஆறுதல் பேச்சு உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. இலங்கையில் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, சைவம் படித்து வளர்ந்தவள் நான். இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் முளைய வளர்ச்சி ஆய்வுக்காக ஹைபிரிடோமாக் கலங்களை வளர்க்கிறேன்.

அவற்றில் ஒன்று எம்.எஃப். 20. அது சுரக்கும் பிறபொருளெதிரி தசையிலுள்ள மயோசினைப் பற்றிக்கொள்ளும். கோழி முளையத்தில் எந்தக் கலம் தசையாகத் தொடங்கிவிட்டது என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம். 1982இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அந்தக் கலங்களைத் தந்த எலி இரண்டு மூன்று வருட ஆயுள் உள்ள பிராணி.

திரவ நைதரசனிலிருந்து எடுத்த குப்பியை 37 பாகை வெந்நீரில் பிடித்து, உள்ளே கடுகளவு பனி மிஞ்சியிருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். பிறகு கழுவி, இளஞ்சிவப்பு ஊடகத்தில் விடுவோம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள் உருண்டையாய், பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கும். நெருக்கம் கூடி அமிலம் சேர்ந்தால் ஊடகம் மஞ்சளாகிவிடும். அவை உண்ணுகின்றன, கழிக்கின்றன, பெருகுகின்றன.

எலியின் மண்ணீரலில் பிறபொருளெதிரி செய்யும் கலம் வெளியே எடுத்தால் சில நாள்தான் தாங்கும். கேம்பிரிஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் அதைப் புற்றுநோய்க் கலத்தோடு இணைத்து, ஓயாமல் பிரியும் இயல்பைக் கொடுத்தார்கள்; அந்த இணைப்புக் கலமே ஹைபிரிடோமா. 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணீரலை எடுக்க எலியைக் கொல்ல வேண்டும்.

இதையெல்லாம் அம்மாயியிடம் சொன்னபோது, "நம்ம வீ.பி. தேயிலை மாதிரியா தாயி?" என்றார். அவர் தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில் வேலை செய்தவர். ஒரு கணு, ஒரு இலை என்று தண்டை நறுக்கிப் பொலித்தீன் பையில் நடுவார்; அப்படித் தண்டிலிருந்து வளர்ப்பதுதான் வீ.பி. தேயிலை. டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் நட்ட மலையில் அத்தனை செடியும் ஒரே தாய்ச்செடியின் வழி. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அப்ப அந்த எலி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார்.

வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. நறுக்கிய தண்டு வேர்விட்டு முழுச்செடியாகும். கொழுந்து தரும், கவ்வாத்து வெட்டினாலும் துளிர்க்கும். தாய்ச்செடியும் சாவதில்லை. என் குடுவையிலிருந்து ஒருநாளும் எலி வராது. அந்தக் கலங்களுக்குப் பயமில்லை, குட்டியைத் தேடும் தவிப்பில்லை.

நான் படித்த சைவ நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்டார் உயிர் எது என்று தேடுகிறார். உடம்பு இல்லை, புலன்கள் இல்லை என்று விலக்கிக்கொண்டே போய், மூச்சையும் விலக்குகிறார். உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. நுகர்வும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு உயிராகாது. என் குடுவைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே இயக்கம் இருக்கிறது, நுகர்பவர் இல்லை. நுகர்ந்த எலி போய்விட்டது. அதன் கலங்கள் நாற்பது வருடம் தாண்டியும் பெருகுவதால் அதற்குச் செய்தது குறைந்துவிடாது.

கொன்றது நானில்லை என்று ஒதுங்கவும் வழியில்லை. அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1986 முதல் ஹைபிரிடோமா வங்கி இருக்கிறது. அங்கிருந்து வாங்குபவள் நான். புலால் மறுத்தலில் வள்ளுவர் வாங்குகிறவனையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

அதற்காக இந்த வேலையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குழந்தையின் தசை கருவிலேயே ஏன் பிசகுகிறது என்று அறிய வேண்டியது அவசியம். ஆனால் இருக்கும் ஹைபிரிடோமாவின் மரபணு வரிசையைப் படித்து அதே பிறபொருளெதிரியை வேறு கலத்தில் செய்விக்கலாம். பக்டீரியாவைத் தொற்றும் வைரசுகளின் துணையோடு, எலியே இல்லாமல் புதியதைத் தேடி எடுக்கவும் முடியும். விலங்கில்லா வழிக்கு மாறும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையமொன்றும் 2020இல் பரிந்துரைத்தது. புதிய பிறபொருளெதிரி வேண்டும் என்று எங்களிடம் பேச்சு வந்தால், அந்த வழியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். பணம் கூடப் போகும்; போகட்டும், அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.