அஞ்சி விற்றவர் குற்றவாளியா?

வங்கியொன்று வீழ்ந்த செய்தி பரவியதும், அதனோடு நேரடித் தொடர்பில்லாத பிற வங்கிகளின் பங்குகளையும் மக்கள் முண்டியடித்துக்கொண்டு விற்கின்றனர். இவ்வாறு விற்பவர் தம் பொருளைக் காக்கின்றாரா, பிறர் பொருளைக் கெடுக்கின்றாரா? வட்டியைப் பற்றிய வினா வேறு; அதனை ஈண்டு நாம் எடுத்தோமில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச் 10ஆம் நாள் மூடப்பட்டது. வட்டி விகிதம் தாழ்ந்திருந்த காலத்தில் நீண்ட தவணைக் கடன் பத்திரங்களை அவ்வங்கி மிகுதியாக வாங்கி வைத்திருந்தது. 2022இல் அந்நாட்டின் மத்திய வங்கி விகிதத்தை விரைந்து உயர்த்தவே, பத்திரங்களின் விலை சரிந்தது. மார்ச் 8ஆம் நாள், 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் இழப்பு என்று வங்கியே அறிவித்தது. மறுநாள் அதன் பங்கு விலை 60 விழுக்காடு வீழ்ந்தது. அந்த ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திரும்பப் பெற வைப்பாளர்கள் முனைந்தனர். 12ஆம் நாள், வைப்புத்தொகை முழுவதும் காக்கப்படும் என்று அரசு உறுதி கூறியது. பங்குதாரர்க்கு அத்தகைய உறுதி ஏதுமில்லை. 13ஆம் நாள் சந்தை திறந்ததும் ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கியின் பங்கு சுமார் 62 விழுக்காடும், வெஸ்டர்ன் அலையன்ஸ் வங்கியின் பங்கு 47 விழுக்காடும் சரிந்தன.

மழை வருமென்று ஊரார் அஞ்சுவதால் மழை வருவதில்லை. வங்கி விழுமென்று ஊரார் அஞ்சினாலோ அது விழுந்தேவிடக் கூடும். பங்கை விற்பதால் வங்கியின் பெட்டகத்திலிருந்து ஒரு காசும் வெளியேறுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் சரியும் விலையைக் கண்டு வைப்பாளர் கலங்குகின்றார். அவர் எடுக்கும் பணமோ பெட்டகத்திலிருந்தே போகின்றது. ஆகவே, ‘என் நூறு பங்குகளால் என்ன வந்துவிடும்?’ என்பது முழுமையான விடையாகாது.

ஃபிக்ஹு நூலோர் விற்பனையில் ‘ஐபு’ என்னும் குறைபாட்டைப் பற்றி விரிவாகப் பேசுவர். பொருளின் குறையை அறிந்தவர் அதனை மறைத்து விற்கலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி நம் வாசகர்கள் அறிந்ததே. அஞ்சி விற்பவர் ஈரத்தைக் கண்டவரல்லர், ஐயுற்றவர். வாங்குபவரும் அதே செய்தித்தாளைப் படித்தவரே. மூடிய குவியலின் முன் இருவரும் சமமாக நிற்கின்றனர். இங்கு வஞ்சனை இல்லை என்பதே எம் முடிபு. எத்தீமின் பொருளை அமானிதமாக வைத்திருப்பவர் எனில், ஆபத்தின் அறிகுறி கண்டும் வாளாவிருப்பதே அவர்க்குக் குற்றமாகலாம்.

உள்ளிருப்போரின் நிலை வேறு. சிலிக்கான் வேலி வங்கியின் தலைமை நிர்வாகி, அது வீழ்வதற்கு இரு வாரங்களுக்குள், முன்னரே பதிவு செய்த திட்டத்தின்படி ஏறத்தாழ 36 லட்சம் டாலருக்குப் பங்குகளை விற்றிருந்தார். திட்டம் பதிவாயிற்றா என்பது சட்டத்தின் வினா. ஈரத்தை அறிந்து விற்றாரா என்பதே அறத்தின் வினா. பங்கை இரவல் வாங்கி விற்று, விலை வீழ்ந்தபின் மலிவாக வாங்கித் திருப்பித் தந்து ஆதாயம் பெறுவோரை நாம் விரும்புவதில்லை; தம்மிடம் இல்லாததை விற்பதை நம் நூல்கள் தடுக்கின்றன. எனினும் குவியலின் ஈரத்தை முதலில் சுட்டிக் காட்டியோர் சிலர் அவர்களுள்ளும் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையன்று.

நிலைத்து நின்றவர்க்கு நற்பயன் உறுதி என்று கூறவும் வழியில்லை. மார்ச் 16இல் பதினொரு பெருவங்கிகள் கூடி 3,000 கோடி டாலரை ஃபர்ஸ்ட் ரிபப்ளிக்கில் வைப்பாக இட்டன. இருந்தும் மே 1ஆம் நாள் அது வீழ்ந்து வேறு வங்கியின் கைக்குப் போயிற்று. வெஸ்டர்ன் அலையன்ஸோ பிழைத்தது. 2024இல் அதன் பங்கு பழைய விலையையும் கடந்தது. மார்ச் 13இல் இவ்விரண்டையும் விற்றவர் ஒன்றில் தப்பினார், மற்றொன்றில் இழந்தார்.

அன்று அவரிடமிருந்து ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் பங்கை வாங்கி வைத்திருந்தவர் யாவையும் இழந்தார். சந்தையில் விற்பவர் வாங்குபவரின் முகத்தைக் காண்பதில்லை. ஒரு சொல்லும் கூறுவதில்லை. ஆதலின் அவர் மீது பழி சாராது. ஆனால் தம் பங்கை ஓசையின்றி விற்றுவிட்டு, ‘நல்ல வங்கி, விடாதீர்கள்’ என்று உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவர் ஈரத் தானியத்தை அடியில் வைத்தவரே.