பெட்டியைத் திறக்கும் துணிவு

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) படத்தில், போரில் மாண்டான் என்று சொல்லி மகனின் சவப்பெட்டியை முத்திரையிட்டு அனுப்புகிறது இராணுவம். கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி அதை நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் பணம் கைநழுவும் என்று தெரிந்தும் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே மகன் இல்லை. வாழைத்தண்டும் கல்லும் கிடக்கின்றன. 2000இல் அரசு இந்தப் படத்தைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் திரையிட வழிவிட்டது.

சிங்கள அரசு மூடிய பெட்டியைச் சிங்களக் கலைஞர் ஒருவர் திறந்தார் என்று தமிழராகிய நாம் மெச்சுகிறோம். மெச்சத்தான் வேண்டும். ஆனால் நாம் மூடி வைத்த பெட்டியை நம்மவர் திறந்தபோது என்ன செய்தோம்? யூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படம், தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்றதைப் பேசியது. 2017இல் அது கான் விழாவில் ஓடியது. 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்புக் கிளம்பியதும் நிரலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே கத்தரியைப் பிடித்தது கொழும்பு அல்ல, நாம்தான்.

முன்பெல்லாம் படம் நம்மிடம் வரப் பல வாசல்களைத் தாண்ட வேண்டியிருந்தது. 1912ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம், 1972இல் வந்த திரைப்படக் கூட்டுத்தாபனம், திரையரங்கு முதலாளி என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல். இன்று அந்த வாசல்கள் தேய்ந்துவிட்டன. கற்பிட்டி மீனவரின் கைத்தொலைபேசிக்கு, எந்தச் சபையின் முத்திரையும் இல்லாமல், ஒரு சுயாதீனப் படம் நேரே வந்து சேரலாம்.

வாசல் திறந்தால் அறிவு தானாகவே உள்ளே வந்துவிடுமா? சிலாபத்தைக் கேளுங்கள். 2019 மே 12 அன்று, முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் எழுதிய ஒற்றை வரியை மிரட்டல் என்று தவறாகப் படித்துக் கும்பல் கூடியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் அதே புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஒரு வரியின் பொருளை விசாரிக்க எவருக்கும் பொறுமை இல்லை. அதே கைத்தொலைபேசியில் ஒன்றரை மணிநேரப் படம் வந்தால் பார்க்க நேரமில்லை என்கிறோம். வதந்தியைக் கேள்வியின்றிப் பரப்புகிறோம். சான்றோடு வரும் படத்தைப் பார்க்காமலே துரோகம் என்கிறோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விரட்டினார்கள். மன்னார்த் தீவில் படகேறியவர்கள் கற்பிட்டியில் இறங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் இந்தக் கரையில் வாழ்கிறார்கள். அந்தக் கதையைத் தமிழர் எத்தனை பேர் தேடிப் பார்த்தோம்? நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டும் படம் மட்டுமே வரலாறு, நாம் இழைத்த அநீதியைக் காட்டும் படம் சதி என்றால், அது பகுத்தறிவு அல்ல, இனப்பற்றின் மூடநம்பிக்கை. இந்த நோய் தமிழரை மட்டும் பிடித்ததல்ல. முஸ்லிமுக்கும் சிங்களக் கத்தோலிக்கருக்கும் திறக்க மறுக்கும் பெட்டிகள் உண்டு.

படம் எடுத்தவர் சொன்னதெல்லாம் வேதம் என்று சொல்லவில்லை. பிழை இருந்தால் சான்று காட்டி மறுக்கலாம். மறுக்கவும் முதலில் பார்க்க வேண்டும். களவுப் பிரதியைக் கைமாற்றாமல் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த உண்மையைப் படமாக்க அந்தக் கலைஞர் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா?

உடப்புக் கோயில் நிர்வாகமும், கற்பிட்டிப் பள்ளிவாசல் நிர்வாகமும், சிலாபத்துத் தேவாலயமும் ஆண்டுக்கு ஒரு படம் திரையிடட்டும். தத்தம் மக்களைக் குற்றம் சாட்டும் படமாக அது இருக்கட்டும். குற்றம் சாட்டுபவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். அரசின் தணிக்கையை எதிர்த்துப் பேசும் தகுதி, தன் சொந்தத் தணிக்கையைக் கைவிட்டவருக்கே உண்டு.