யாருடைய பிரதிநிதி?

தெரிந்த மனிதரிடம் போய் நியாயம் கேட்பது எளிது. ஆனால் தெரிந்த மனிதர் எல்லோருக்கும் நியாயம் வழங்குவது அவ்வளவு எளிதல்ல. நாம் இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கொண்டிருக்கிறோம். நம் தெருக்காரர் ஒருவர் சபையில் உட்கார்ந்துவிட்டால், நியாயம் நம் வாசலுக்கே வந்துவிட்டதாக நிம்மதி அடைகிறோம். அதே மனிதர் அடுத்த தெருக்காரனுக்கு என்ன செய்கிறார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

இந்த யோசனையை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு தீவின் கதை. வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கிறது ஆங்கிள்ஸி. அவ்வூர் மக்கள் தங்கள் மொழியில் அதை மோன் என்பார்கள். ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் தானியம் விளைவித்துக் கொடுத்த பூமியாதலால், வேல்ஸின் தாய் என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு. மெனாய் என்னும் குறுகிய ஜலசந்தி அதை நாட்டிலிருந்து பிரிக்கிறது. 1826ஆம் ஆண்டில் அதன் குறுக்கே கட்டிய தொங்கு பாலம் இன்னும் நிற்கிறது.

தீவின் ஜனத்தொகை சுமார் 70,000. அதன் கவுன்சிலுக்கு 40 வார்டுகள், வார்டுக்கு ஓர் அங்கத்தினர் என்பதே ஏற்பாடாக இருந்தது. கணக்குப் பார்த்தால் ஓர் அங்கத்தினருக்குச் சராசரி 1,750 பேர். குழந்தைகளைக் கழித்துவிட்டால் வாக்காளர்கள் இன்னும் குறைவு. முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய எண்ணிக்கை. மக்களுக்கும் பிரதிநிதிக்கும் இடையே இதைவிட நெருக்கம் வேண்டுமா?

ஆனால் அந்த நெருக்கம் ஊரைக் காப்பாற்றவில்லை. அங்கத்தினர்களுக்குள் ஓயாத பூசல். கோஷ்டி சேர்வதும் கோஷ்டி கலைவதும்! கடைசியில் 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வேல்ஸ் அரசாங்கம் ஆணையர்களை அனுப்பி நிர்வாகப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தது. 2012 மே மாதம் வேல்ஸின் மற்றக் கவுன்சில்களுக்கெல்லாம் தேர்தல் நடந்தபோது, இந்தத் தீவு மட்டும் ஓராண்டு காத்திருந்தது. அதற்குள் பழைய 40 வார்டுகளையும் அழித்து 11 பெரிய வார்டுகளாக வரைந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று அங்கத்தினர்கள். மொத்தம் 30 பேர். 2013 மே 2ஆம் தேதி புதிய கோடுகளுக்குள் தேர்தல் நடந்தது.

இதில் நான் ரசித்தது ஒன்று உண்டு. புதிய வார்டுகள் சிலவற்றுக்குத் தால்பொலியன், தூர்கெலின், லிவோன் என்று பெயர் வைத்தார்கள். இடைக்காலத்தில் அத்தீவின் பழைய நாட்டுப் பிரிவுகளுக்கு வழங்கிய பெயர்கள் இவை. புதுக் கோடு போட்டவர்களுக்கும் பழைய பெயரின் துணை வேண்டியிருந்தது போலும்.

சரி, அப்படிக் கோட்டை அழித்து வரைந்தது நியாயமா?

நியாயமில்லை என்று சொல்லக் காரணங்கள் இருக்கின்றன. ஒரு சிற்றூரின் குரல் பெரிய வார்டுக்குள் கரைந்துவிடலாம். கையில் காசில்லாத நல்ல மனிதன் ஒரு கிராமத்தைக் கால்நடையாகச் சுற்றி ஓட்டுக் கேட்டுவிடுவான். ஆறேழு கிராமங்களைச் சுற்றுவதற்கு அவனால் ஆகுமா? மூன்று பேருக்குப் பொதுவான பொறுப்பை, இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே விட்டுவிடவும் கூடும்.

நியாயம்தான் என்று சொல்லவும் காரணங்கள் உண்டு. வார்டுக்கு ஒருவரே இருக்கும்போது, அவருக்கும் எனக்கும் வேலித் தகராறு என்றால் நான் யாரிடம் போவேன்? நெருக்கத்தில் அன்பு வளர்வதைப் போலவே பகையும் வளர்கிறது, சலுகையும் வளர்கிறது. மூவர் இருந்தால் ஒரு கதவு மூடியிருந்தாலும் மற்றொரு கதவைத் தட்டலாம். ஆறேழு கிராமங்களின் ஓட்டு வேண்டியவர், ஒரு கிராமத்தின் கோபதாபத்தை மட்டும் சுமந்துகொண்டு சபைக்குப் போக முடியாது.

இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கும்போது, கேள்வி கோட்டைப் பற்றியதே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பிரதிநிதி என்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பதே கேள்வி.

1774ஆம் ஆண்டில் எட்மண்ட் பர்க் தம்மைத் தேர்ந்தெடுத்த பிரிஸ்டல் நகர மக்களிடம் இதைத்தான் பேசினார். உங்கள் உறுப்பினன் உங்களுக்காக உழைக்க வேண்டியவன். ஆனால் தன் சொந்த அறிவையும் மனச்சாட்சியையும் உங்கள் விருப்பத்துக்குப் பலி கொடுக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். அழகான வாதம்தான். ஆனால் 1780ஆம் ஆண்டுத் தேர்தலில், வெற்றிக்கு வழியில்லை என்று கண்டு, அதே பிரிஸ்டலில் அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. நம் ஆளாக இல்லாத நல்லவரை நாம் வெகு நாள் பொறுத்துக்கொள்வதில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு அளவு மீறிய பற்று வந்துவிட்டால், மற்றப் பாத்திரங்களுக்கு நான் அநியாயம் செய்யத் தொடங்குகிறேன். அவன் தவறு செய்தால் காரணம் தேடுகிறேன். மற்றவன் செய்தால் தண்டனை தேடுகிறேன். அதற்காக எந்தப் பாத்திரத்தோடும் பற்றில்லாமல் எழுதினாலோ, கதையில் உயிரே இருப்பதில்லை. அருகில் நின்று துயரத்தைக் கேட்க வேண்டும். சற்று விலகி நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே மனிதன் இரண்டையும் செய்தாக வேண்டியிருப்பதுதான் கஷ்டம்.

புதிய கோடுகள் அந்தத் தீவு மக்களின் மனத்தை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. 2013ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயேச்சைகள் 14 பேர், பிளைட் கம்ரி என்னும் வேல்ஸ் தேசியக் கட்சியினர் 12 பேர், தொழிற்கட்சியினர் மூவர், லிபரல் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் வெற்றி பெற்றார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 2022ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் அங்கத்தினர் எண்ணிக்கை மறுபடியும் 35 ஆயிற்று. அதில் பிளைட் கம்ரி 21 இடங்களைப் பிடித்தது. கோடு ஒரு நாளும் முடிந்த முடிவல்ல.

அந்த 2022ஆம் ஆண்டில் வேல்ஸின் 22 கவுன்சில்களிலும் தேர்தல் நடந்தது. மிகப் பெரும்பாலான கவுன்சில்களில் வார்டு எல்லைகளைத் திருத்தி அமைத்திருந்தார்கள். 16 வயது நிரம்பியவர்களும் கவுன்சில் தேர்தலில் முதன் முறையாக ஓட்டளித்தார்கள். ஒருவருடைய ஓட்டுக்கும் மற்றவருடைய ஓட்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு வேண்டும் என்று எவ்வளவோ கணக்குப் பார்த்த ஏற்பாடு. ஆயினும் 74 இடங்களில் போட்டியே இல்லை. மெனாய் ஜலசந்திக்கு அக்கரையில் உள்ள க்வினெத் கவுன்சிலில் மட்டும் 69 இடங்களில் 28 இடங்களுக்கு எதிர் அபேட்சகர் கிடையாது. அந்த வார்டுகளில் ஓட்டுரிமை இருந்தது, எல்லையும் இருந்தது. ஓட்டுப் போடத்தான் வேலை இல்லை.

எல்லை வரைகிறவர்கள் தலைகளைச் சமமாகப் பங்கிடலாம். அதற்கு மேல் அவர்களால் முடியாது. அந்த எல்லைக்குள்ளிருந்து எழுந்து வந்து, ஊர்ப் பொறுப்பில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லும் மனிதரை அவர்கள் எங்கிருந்து கொண்டு வருவார்கள்? அப்படி ஒருவர் வந்தாலும், நம் தெருவுக்கு முன்னால் அடுத்த தெருவின் சாக்கடையைச் செப்பனிட வேண்டும் என்று அவர் வாக்களித்தால், அவரை மன்னிக்கும் மனத்தை நமக்கு யார் கொடுப்பார்கள்?

இதை எழுதும்போது என்னையே கேட்டுப் பார்த்தேன். அடுத்த தெருவின் குறை என் தெருவின் குறையைவிடப் பெரியது என்று தெரிந்தும், என் வாசலை முதலில் கவனிக்கச் சொல்லித்தான் நான் கேட்டிருப்பேன். அந்த மனிதர் மறுத்திருந்தால், அடுத்த தேர்தலில் அவருக்கு என் ஓட்டுக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.