பட்டனுக்குப் பிடித்த பேய்

பட்டனைத் தட்டியதும் அலகு பாய்ந்து வெளிவரும் கத்தியை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக் கூடாது, அந்த வணிகத்துக்காகச் செய்யவும் கூடாது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. 1958 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட சட்டம் இது. அதிலேயே சில விலக்குகளும் உண்டு. படைவீரர்களுக்கு ஒரு விலக்கு. ஒரு கை மட்டுமே உள்ளவருக்கு இன்னொன்று: மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம்.

முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, சட்டம் எழுதியவர்கள் தங்களை அறியாமல் உண்மையை ஒப்புக்கொண்டிருப்பது புரிந்தது. ஒரு கைக்கு வேறு வேலை இருக்கும்போது மறு கையால் கத்தியைத் திறக்க உதவுவதுதான் அந்தப் பட்டன். இரண்டாம் உலகப்போரில் சிக்கிய பாராசூட் கயிற்றை அறுத்துக்கொள்ளத் தன் பாராசூட் வீரர்களுக்குப் பட்டன் கத்தி கொடுத்ததே அமெரிக்க அரசுதான். அரசு கொடுத்தால் கருவி. தெருப்பையன் சட்டைப்பையில் இருந்தால் பிசாசு.

கல்லுக்குள் கடவுள் இருக்கிறது என்பவரிடம் ஆதாரம் கேட்டுப் பழகியவர்கள் நாம். இரும்புக்குள் தீமை குடியிருக்கிறது என்பவரிடம் மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

இந்தப் பேயின் பிறந்தகங்களில் ஒன்று இத்தாலியின் வடகிழக்கில், ஃப்ரியூலி பகுதியில் உள்ள மனியாகோ என்ற சிற்றூர். 1453-இல் கொல்வெரா ஓடையிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். மாவரைக்கவும் மரம் அறுக்கவும் வந்த தண்ணீர், கொல்லுப்பட்டறைகளின் பெரிய சம்மட்டிகளையும் தூக்கிப் போட்டது. அன்று முதல் அரிவாள், கோடரி, கத்தரிக்கோல், திராட்சைக்கொடி கவாத்து செய்யும் கத்தி என்று கூருள்ள எதையும் செய்யும் ஊர் அது. 1907-இல் ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து வந்த ஆல்பர்ட் மார்க்ஸ் அங்கே பெரிய தொழிற்சாலை நிறுவினார். இன்று அந்தக் கட்டடம்தான் கத்தித் தொழில் அருங்காட்சியகம்.

உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் சிலரின் பையில், இத்தாலியின் நினைவாக, ஸ்டிலெட்டோ எனப்படும் ஒல்லியான பட்டன் கத்தி இருந்தது. கொம்புப் பிடி, பளபளக்கும் பித்தளை அல்லது நிக்கல் பட்டை, ஊசிபோல் நீண்ட அலகு. பார்க்க அழகுதான். ஆனால் நான்கு வெண்டைக்காய் நறுக்கிப் பாருங்கள், பொறுமை போய்விடும். குத்து முனை உண்டு, வெட்டும் கூர் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது; கொஞ்ச நாள் திறந்து மூடினால் அலகு ஆடவும் தொடங்கும். ஆயுதம் என்ற வகையில் உங்கள் வீட்டு அரிவாள்மனைக்கு முன்னால் இது நிற்காது. இதனிடம் இருந்த பெரிய சரக்கு ஒன்றே ஒன்று, அந்தச் சத்தம். படக்.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஒரு நாடு பயந்தது. 1950-இல் அமெரிக்கப் பெண்கள் இதழ் ஒன்று ‘கொல்லும் பொம்மை’ என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரை வெளியிட்டது. 1954-இல் நியூயார்க் மாநிலம் தடை போட்டது. 1955-இல் ‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் இந்தக் கத்தியோடு சண்டை போட்டார். இளைஞர் குற்றங்களை விசாரிக்கும் செனட் குழுவின் தலைவராக எஸ்டஸ் கீஃபாவர் இருந்த காலம் அது. இத்தாலியன் என்றாலே இடுப்பில் குத்துவாள் வைத்திருப்பவன் என்ற கதை அமெரிக்கப் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகளாகவே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தக் கதைக்குள் வந்து சேர்ந்தார்கள். வேலையில்லாத தெருக்கள், நெருக்கியடித்த வீடுகள், பள்ளியை விட்டு நின்ற பையன்கள்: இவற்றைச் சரிசெய்யப் பணமும் காலமும் வேண்டும். பட்டனைத் தடை செய்ய ஒரு கையெழுத்து போதும்.

சட்ட வரைவு வந்தபோது அமெரிக்க நீதித்துறையே இதைப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதியது. வணிகத்துறையும் ஆட்சேபித்தது. மந்திரவாதி உடுக்கை அடித்துக்கொண்டிருக்கும்போது வைத்தியர் சொல்வது யார் காதில் விழும்?

“எப்படியோ ஒரு உயிராவது தப்பியிருந்தால் நல்லதுதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஒதுக்கிவிட முடியாது. முகத்துக்கு நேரே ‘படக்’ என்று அலகு பாய்ந்தால் எவனும் நடுங்குவான், நானும் நடுங்குவேன். மிரட்டலுக்கு அது வசதியான பொருள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்தைப் பாருங்கள். 1959-இல் இந்தக் கத்தியைச் செய்வதையும் விற்பதையும் தடை செய்தார்கள். 2019-இல் போட்ட சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்ததும், வீட்டு அலமாரியில் வைத்திருப்பதே குற்றமானது. அந்த நாட்டில் கத்திக்குத்துக் கொலைகளில் முதலிடத்தில் இருப்பது சமையலறைக் கத்தி. தாத்தா காலத்து ஸ்டிலெட்டோவைப் பூட்டிவைத்தவர் குற்றவாளி ஆனார். கொலைக்கத்தியோ வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

அமெரிக்காவில் கூத்து இன்னும் ஒரு படி மேல். 2009-இல் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அலகிலேயே உள்ள சிறு திமிலைக் கையால் லேசாகத் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் திறந்துவிடும் கத்திகள் உண்டு. அவை தடைக்குள் வராது என்றார்கள். ஸ்பிரிங் அதேதான், வேகமும் ஏறக்குறைய அதேதான். விரல் பிடியில் பட்டால் சட்டவிரோதம், அலகில் பட்டால் சட்டப்படி சரி. எந்த விரலால் விபூதி எடுக்க வேண்டும் என்று சண்டை போடுகிற ஊரில் பிறந்தவனுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

இதுவரை தலையாட்டிக்கொண்டு வந்த பட்டன் கத்திச் சேகரிப்பாளர்கள் இங்கே கொஞ்சம் நிற்கட்டும்.

ஓரிரு டாலருக்குத் தபாலில் கிடைத்த கத்திகளை இன்று நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறீர்கள். அலகை மூடுவதற்குப் பிடியின் கழுத்தில் உள்ள சிறு நெம்பை நகத்தால் தூக்கவேண்டிய பழைய வகைக்கு ஒரு விலை, பட்டையைத் திருப்பினாலே பூட்டு விடுபடும் பிந்தைய வகைக்கு ஒரு விலை. கொம்பு அசலா, பிளாஸ்டிக்கா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறீர்கள். கேட்டால் கைவினை, கலை, வரலாறு என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதே மனியாகோவில், அதே தலைமுறைத் தொழிலாளிகள் செய்த கவாத்துக் கத்தியும் தையற்கத்தரியும் இருக்கின்றனவே. அந்த எஃகும் அதே உலைத்தீயில் காய்ந்ததுதான். ஸ்டிலெட்டோவைவிட நன்றாகவும் வெட்டும். அதற்கு ஏன் உங்கள் கண்ணாடிப் பேழையில் இடமில்லை?

நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சத்தத்தை. அதைச் சுற்றிக் கட்டிய சினிமாவை. எல்லாவற்றுக்கும் மேலே, 1958-ஆம் ஆண்டுத் தடையை. கீஃபாவர் காலத்து அரசியல்வாதி எந்தப் பேயைப் பார்த்து அலறினாரோ, அதே பேயைத்தான் நீங்கள் வெல்வெட் துணி விரித்துப் படுக்கவைத்திருக்கிறீர்கள். அவருக்கு அது துர்தேவதை, உங்களுக்கு அது குலதெய்வம். இரும்புக்குள் ஏதோ இருக்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. உங்கள் சேகரிப்பில் பெருமையாகச் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று லட்டாமா. அது நியூயார்க் இறக்குமதியாளரின் பெயர். அலகைத் தேய்த்து, ஸ்பிரிங்கை வளைத்து, கொம்பை ஆணியடித்தவனின் பெயர் பெரும்பாலான கத்திகளில் இல்லை. விற்றவன் பெயருக்கு விலை ஏறுகிறது. செய்தவன் யாரென்று தேட உங்களில் எத்தனை பேர் மனியாகோவுக்குப் போனீர்கள்? போனவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு என் வணக்கம்.

இந்தக் கத்தியை ஒரு பொருளாக மட்டும் பார்த்த இடம் எனக்குத் தெரிந்து ஒரு திரைப்படம். சிட்னி லூமெட் இயக்கிய ‘12 ஆங்ரி மென்’. தந்தையைக் குத்திக் கொன்றதாகச் சேரிப் பையன் ஒருவன் மீது வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் ஒரு புழுக்கமான அறையில். கொலை நடந்த கத்தி அபூர்வமானது, வேறு யாரிடமும் இருக்காது என்று வாதம். எட்டாம் ஜூரி தன் பையிலிருந்து அச்சாக அதேபோன்ற ஒரு கத்தியை எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். பையன் வீட்டுப் பக்கத்து அடகுக்கடையில் ஆறு டாலர்.

அதைவிடப் பெரிய காட்சி பின்னால் வருகிறது. செத்தவர் மகனைவிட உயரம். காயமோ மேலிருந்து கீழாக இறங்கியிருக்கிறது. மற்ற ஜூரிகள் கையை ஓங்கி ஓங்கிக் காட்டி வாதாடுகிறார்கள். சேரியில் வளர்ந்த ஐந்தாம் ஜூரி அதுவரை அதிகம் பேசாதவர். இந்தக் கத்திகளோடு வளர்ந்தவர், இவற்றைக் கண்டாலே பிடிக்காதவர். அவர் கத்தியைக் கையில் வாங்குகிறார். மூடுகிறார். பட்டனைத் தட்டுகிறார். அலகு திறந்த நிலையில் கை எப்படி இருக்கிறதோ அப்படியே கீழிருந்து மேலாகக் குத்திக் காட்டுகிறார். மேலிருந்து குத்த வேண்டுமானால் திறந்த பிறகு பிடியை மாற்ற வேண்டும். பழகியவன் அப்படி நேரத்தை வீணாக்க மாட்டான்.

படம் வெளியானது 1957 ஏப்ரலில். சட்டம் கையெழுத்தானது அடுத்த ஆண்டு ஆகஸ்டில்.