மீனின் மோப்பமும் மனிதனின் வினையும்

செம்போடு களிம்பு உடன்தோன்றி நிற்பதுபோல ஆன்மாவோடு அறிவை மறைக்கும் ஆணவமும் அநாதியாய்க் கூடிநிற்கிறது என்பது சைவ சித்தாந்தத்தின் பிரசித்தமான திருஷ்டாந்தம். செம்பிலே களிம்பைக் கண்ட நம் பெரியோர், அச்செம்பே நீரிற் கரைந்து மீனின் மூக்கை அடைந்தால் யாதாகும் என்று விசாரிக்க நேரவில்லை.

முந்திரிகைக் கொடியின் பூஞ்சண நோய்க்கென்று உலகெங்கும் தெளிக்கப்படும் போர்டோக் கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மயில்துத்தமோ செம்பின் உப்பு; மழைநீரோடு அது தோட்டத்திலிருந்து நீர்நிலைகளுக்கும் போய்ச் சேரும். லீற்றர் நீரிலே சில மைக்கிரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே மீனின் மோப்பம் மங்கத் தொடங்குகிறது. கெண்டையொன்றின் தோல் கிழிந்தால், அதிலிருந்து கசியும் வாசனையை முகர்ந்தே அதன் கூட்டம் அபாயமுணர்ந்து சிதறி ஒளிக்கும். மோப்பம் கெட்டதோ விராலின் வாய்க்கு நேரே சும்மா நிற்கும். மாரியிலே ஓடி அராலியிற் கடனீரேரியைச் சேரும் எங்கள் வழுக்கையாறு போன்ற சுண்ணக்கற் பூமியின் நீரிலுள்ள கல்சியம், செவுளைச் செம்பினின்றும் ஓரளவு காக்கும். மூக்குக்கு அந்தக் காவல் அவ்வளவாக எட்டுவதில்லை. ஆகவே மீன் செத்து மிதக்காது. உடல் உலாவ, இந்திரியம் ஒன்று மாத்திரம் அவிந்துபோகும். காலப்போக்கில், தாங்கும் சாதிகள் எஞ்ச, தாங்காதவை ஒழியும்.

அது மீனின் பிராரப்தம், அதாவது முன்வினைப் பயன், என்று சொல்லிக் கைகழுவுவோர் சித்தாந்தத்திற் பாதியைப் படித்தவர்கள். ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்குத் தனு, கரணம், புவனம், போகம் (உடல், கருவி, உலகு, நுகர்வு) என்பவற்றை இறைவன் விளக்காகக் கூட்டிவைத்தான் என்பதும் சித்தாந்த நூல்களின் துணிபன்றோ? மோப்பமும் அவ்விளக்கின் ஒரு சுடர். துன்பம் மீனுக்குப் பிராரப்தமாகவே இருக்கட்டும். அதை ஊட்டிய கைக்கு அது ஆகாமியம், அதாவது புதிதாய் ஏறும் வினை.

அந்தக் கை யாருடையது என்பதுதான் சிக்கல். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்துக்குக் கர்த்தா உண்டு. ஏரி மீனிலும் பாதரசம் காணப்பட்டபோது எத்திசையிற் பார்ப்பது என்று ஊர் மயங்கவில்லை. நூறு தோட்டத்துச் செம்புக்கு யார் கர்த்தா? பலர் கூடிச் செய்த வினை பங்கிடப்பட்டுச் சிறுத்துவிடும் என்று வாதிப்பவரை ஒன்று கேட்கிறேன்: ஊரெல்லாம் கூடிக் கோயில் திருப்பணிக்குப் பணம் கொடுத்தபோது, புண்ணியம் பங்கிடப்பட்டுச் சிறுத்துப்போயிற்றே என்று எவரேனும் குறைப்பட்டதுண்டா?